கொம்ப்டன் நகரின் குரல்: என்.டபிள்யூ.ஏ. இசைக்குழு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

இசைக்குழுவொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் முதற் பாடலிலிருந்து தொடங்குவர். நாம் மூடப்பட்ட இரண்டு தொழிற்சாலைகளிலிருந்து தொடங்க விரும்புகின்றோம். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தென்கிழக்கே சவுத் கேற் என்னும் சிறுநகர் உள்ளது. அங்கு 1928இல் நிறுவப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்த் தொழிற்சாலை 1980இலும், 1936இல் நிறுவப்பட்ட ஜெனரல் மோட்டோர்ஸ் கார்த் தொழிற்சாலை 1982இலும் மூடப்பட்டன. அருகேயுள்ள வேர்னன் நகரின் பெத்லெஹெம் உருக்காலையும் அதே 1982இல் மூடப்பட்டது. உயர்தரப் பாடசாலைக் கல்வியோடு நின்றுவிட்ட ஒரு கறுப்பினத் தொழிலாளி தொழிற்சங்கம் பெற்றுத்தந்த ஊதியத்தைக் கொண்டு வீடொன்றை வாங்கவும் பிள்ளைகளை வளர்க்கவும் இவ்வாலைகள் வழிசெய்திருந்தன. அவை மூடப்பட்ட காலத்தில் சிறுவராகவும் பதின்ம வயதினராகவும் இருந்தோரே பின்னர் என்.டபிள்யூ.ஏ. என்ற பெயரில் பாடினர். அவர்தம் தந்தையர் தலைமுறைக்குத் திறந்திருந்த வாயில் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. இவ்வுண்மையை மனங்கொள்ளாது அக்குழுவினரின் பாடல்களை வெறும் வசை என்று தள்ளுவோரும், வெறும் வீரம் என்று கொள்வோரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது எமது கருத்தாகும்.

கொம்ப்டன் நகரின் கதை அமெரிக்க இனவாதத்தின் கதையைச் சுருக்கமாகக் காட்டுவது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது வெள்ளையர் வாழும் நகராகவே இருந்தது. வீட்டு உறுதிகளிலே, கறுப்பினத்தவருக்கு இவ்வீட்டை விற்கலாகாது என்னும் நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. (பிற்காலத்தில் ஜனாதிபதியான மூத்த ஜோர்ஜ் புஷ் 1949இல் சில காலம் கொம்ப்டனில் குடும்பத்துடன் வாழ்ந்தவர் என்பதை இங்கே குறித்து வைப்போம், இந்நகரும் அவரும் வேறொரு வகையில் மீண்டும் சந்திக்கவிருக்கின்றனர்.) அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என உயர்நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்ததன் பின்னர், ஐம்பதுகளில் கறுப்பினத்தவர் அங்கு வீடுகள் வாங்கத் தலைப்பட்டனர். 1965 ஓகஸ்டில் அயலிலுள்ள வாட்ஸ் பகுதியில் 34 பேர் உயிரிழந்த பெருங்கலகம் மூண்டது. அதன்பின் எஞ்சியிருந்த வெள்ளையரும் விரைந்து வெளியேறினர். அவர்களோடு வணிக முதலீடும் வெளியேறியது. 1969இல் கொம்ப்டன் ஒரு கறுப்பின மேயரைத் தெரிவு செய்தது. நகரசபையும் பொலிசும் படிப்படியாகக் கறுப்பினத்தவர் கைக்கு வந்தன. ஆயினும் அவை வந்து சேர்ந்தபோது நகரின் வருவாய் போய்விட்டிருந்தது. அதிகாரம் கைமாறுவதற்கும் அதிகாரத்தின் பொருளாதார அடித்தளம் கைமாறுவதற்கும் இடையிலான வேறுபாட்டினை விளக்க இதனினும் தெளிவான உதாரணத்தைத் தேடுதல் அரிது.

தொழிற்சாலைகள் விட்டுச்சென்ற வெற்றிடத்தை எண்பதுகளின் நடுப்பகுதியில் ‘கிராக்’ எனப்படும் மலிவான கொக்கேயின் வகை நிரப்பியது. தெருக் குழுக்களிடையேயான பகைமை துப்பாக்கிப் போராக மாறிற்று. அரசு இதற்கு அளித்த விடை இராணுவத் தன்மை வாய்ந்ததாக இருந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிசின் தலைவர் டரில் கேற்ஸ், போதைப்பொருள் விற்கும் வீடுகளின் சுவர்களை இடிப்பதற்குக் கவச வாகனமொன்றினை 1985இல் களமிறக்கினார். 1987இல் ‘சம்மட்டி நடவடிக்கை’ தொடங்கப்பட்டது. 1988 ஏப்ரிலில் ஒரே வார இறுதியில் ஆயிரம் பொலிசார் தெருக்களில் இறங்கி 1,400க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தனர். இவர்களுட் பெரும்பாலோர் பின்னர் குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டனர். உடையும் நடையும் தோலின் நிறமுமே சந்தேகத்துக்குப் போதிய காரணங்களாயிருந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஹிப்-ஹொப் என்னும் கலைவடிவம் இங்கு பிறந்ததன்று. 1973 ஓகஸ்டில் நியூ யோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியிலே, ஜமெய்க்காவிலிருந்து குடிபெயர்ந்த கூல் ஹேர்க் என்னும் இளைஞர் ஒரு விருந்தில் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளைக் கொண்டு நடத்திய நிகழ்ச்சியையே அதன் தொடக்கமாகக் கொள்வர். பாட்டின் நடுவே பாடுவோர் ஓய, முரசொலி மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை ஒரே தட்டின் இரு பிரதிகளைக் கொண்டு மாறி மாறி நீட்டித்தலே அவர் கண்ட உத்தி. அந்தத் தாளத்தின்மேல் எதுகையும் இயைபும் பொருந்தச் சொற்களைத் தொடுத்துப் பேசுவது ராப் ஆயிற்று. வாத்தியம் வாங்கவும் பயிலவும் வசதியற்றவர்கள், பெற்றோர் வாங்கி வைத்த இசைத்தட்டுகளையே வாத்தியமாக்கிக்கொண்டனர். மேற்குக் கரையில் எண்பதுகளின் முற்பாதி வரை இவ்விசை நடனமாடுவதற்கான இயந்திர இசையாகவே வழங்கியது. பின்னாளில் டொக்டர் ட்ரே எனப் புகழ்பெற்ற அன்ட்ரே யங் என்பாரும், டி.ஜே. யெல்லா எனப்பட்ட அன்ருவான் கராபியும் பளபளக்கும் பட்டுடை அணிந்து ‘வேர்ல்ட் கிளாஸ் ரெக்கின் குரூ’ என்னும் குழுவிலே அத்தகைய இசையைத்தான் வழங்கி வந்தனர். கோபத்தின் சாயலை அதிற் காணவியலாது.

அவர்களை வேறு திசைக்குத் திருப்பியவர் எரிக் ரைட் எனப்படும் ஈசி-ஈ. இவர் பாடகருமல்லர், இசைஞருமல்லர். கையிற் சிறிது பணம் இருந்தது. அது போதைப்பொருள் விற்றுச் சேர்த்த பணம் என்று பரவலாகக் கூறப்படுகின்றது. அப்பணத்தைச் சட்டபூர்வமான தொழிலொன்றில் இட விரும்பிய அவர், அனுபவமிக்க இசைத்துறை முகவரான ஜெரி ஹெல்லருடன் சேர்ந்து 1987இல் ‘ரூத்லெஸ்’ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை ஆரம்பித்தார். நியூ யோர்க் குழுவொன்று பாடுவதற்கென ஐஸ் கியூப் (இயற்பெயர் ஓஷே ஜக்சன்) ஒரு பாட்டு எழுதியிருந்தார். அக்குழு அதனைப் பாட மறுத்தது. ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொடுத்த வாடகை வீணாகாமலிருக்க, ஈசி-ஈயையே பாடுமாறு ட்ரே தூண்டினார். தாளம் பிடிபடாத அவரை வரிவரியாகப் பாடவைத்துப் பின் ஒட்டியெடுத்தனர். அந்த மெல்லிய, கீச்சிட்ட குரல் பெருவெற்றி பெற்றது. வாடகைக்கு எடுத்த அச்சகத்தில் நூல் வெளியிடும் சிறு பதிப்பாளரைப் போல, ஹொலிவூட்டிலுள்ள மக்கோலா என்னும் தட்டுவார்ப்புக் கூடத்திலே தட்டுகளை வார்ப்பித்து, காரின் பின்பெட்டியில் ஏற்றிச்சென்று சந்தைகளிலும் கடைகளிலும் கைப்பட விற்றனர். இவர்களுடன் எம்.சி. ரென், அரேபியன் பிரின்ஸ் ஆகியோரும் சேர்ந்தனர். குழுவின் பெயரின் முதலெழுத்து அடிமைமுறைக் காலத்திலிருந்து கறுப்பினத்தவர் மீது எறியப்பட்டுவந்த இழிசொல்லைக் குறிப்பது. எறியப்பட்ட கல்லையே எடுத்து வாயிலில் நட்டுவைத்தது போன்ற செயல் இது. அது பெருமிதமா தன்னிழிவா என்ற விவாதம் கறுப்பினத்தவரிடையே இன்றளவும் முடியவில்லை.

இவ்விடத்தில் ஒரு தகவலைக் கூறுதல் பொருந்தும். ஐஸ் கியூப் கொம்ப்டனைச் சேர்ந்தவரல்லர். தென் லொஸ் ஏஞ்சல்சின் வேறொரு பகுதியில் வளர்ந்தவர். 1987–88 காலத்தில் அரிசோனா மாநிலத்துக்குச் சென்று கட்டடக்கலை வரைபடப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். தெருச்சண்டையில் வாழ்ந்தவரின் வாக்குமூலம்போல ஒலிக்கும் வரிகளை எழுதியவர், அத்தெருவைக் கூர்ந்து நோக்கிய மாணவரே. இதனால் அவ்வரிகள் பொய்யாகிவிடா. ‘நான்’ என்று பேசும் பாத்திரம் வேறு, அதைப் படைத்த கவிஞன் வேறு என்பதை அகத்திணை பயின்ற நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. எனினும் இக்குழுவை வாங்கிக் கேட்டோரும் தடை செய்ய முயன்றோரும் ஒருங்கே இந்த வேறுபாட்டை மறந்துவிட்டனர். அவ்வாறு மறக்கப்படுவதே தமக்கு இலாபம் என்பதைக் குழுவினரும் விரைவிற் கண்டுகொண்டனர்.

1988–89 காலத்தில் வெளிவந்த ‘ஸ்ட்ரெயிட் அவுட்டா கொம்ப்டன்’ என்னும் இசைத்தொகுதியே இவர்களது சாதனை. அதனை விநியோகித்த பிரயோரிட்டி நிறுவனம் அதற்குச் சற்று முன்னர்வரை உலர்ந்த திராட்சை விளம்பரத்தில் ஆடிப்பாடும் களிமண் பொம்மைகளின் பாட்டுகளை விற்றுப் பணம் திரட்டியது என்பது நகைப்புக்குரிய செய்தி. அந்தப் பணமே இத்தொகுதிக்கும் உதவியது. தொகுதியைச் சில வாரங்களிலேயே ஒலிப்பதிவு செய்து முடித்தனர். ட்ரே, யெல்லா இருவரும் அதிற் கையாண்ட முறை நுணுகி நோக்கத்தக்கது. பழைய இசைத்தட்டுகளிலிருந்து சிறு துணுக்குகளை வெட்டியெடுத்து, மின்னணுக் கருவியில் பதித்து, மீளமீள ஒலிக்கச்செய்து புதிய கட்டுமானமொன்றை அவர்கள் எழுப்பினர். தொகுதியின் ஒரு பாடல் சார்ள்ஸ் ரைட் தலைமையில் இயங்கிய, வாட்ஸ் பகுதியின் தெருவொன்றையே தன் பெயரிற் கொண்ட குழு 1970இல் வெளியிட்ட பாட்டின்மீது கட்டப்பட்டது. கலகம் கண்ட வாட்சின் இசை, தொழிற்சாலை இழந்த கொம்ப்டனின் இசைக்குள் இவ்வாறு வந்து சேர்கின்றது. தந்தையர் தலைமுறையின் நம்பிக்கையைப் பிள்ளைகள் தங்கள் ஏமாற்றத்துக்கு அத்திவாரமாக இட்டனர் என்று கூறலாம்.

தொகுதியின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதற் பாடலின் தாளத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. வின்ஸ்டன்ஸ் என்னும் குழு 1969இல் வெளியிட்ட இசைத்தட்டொன்றின் மறுபக்கத்திலே, அக்குழுவின் முரசிசைஞர் கிரெகரி கோல்மன் ஏறத்தாழ ஏழு விநாடிகள் தனித்து வாசித்த பகுதி அது. உலகில் மிகுதியாக வெட்டியெடுக்கப்பட்ட இசைத்துணுக்குகளுள் ஒன்றாக அது பின்னர் ஆயிற்று. ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு அத்தாளம் உயிர் கொடுத்தது. அதை வாசித்த கோல்மனுக்கோ அதனால் ஒரு சதமும் கிட்டவில்லை. அவர் 2006இல் வீடற்றவராக இறந்தார். ஏழைகளின் கலையாகத் தொடங்கிய துணுக்கு வெட்டும் முறை, வணிகத்தின் கையில் அகப்பட்டதும், ஓர் ஏழைக் கலைஞனின் உழைப்பின் மேல் இன்னோர் ஏழைக் கலைஞன் நிற்பதும், இருவர் மேலும் நிறுவனம் நிற்பதுமான அமைப்பாக மாறிற்று. என்.டபிள்யூ.ஏ.யைப் புகழ்ந்தெழுதும் முற்போக்காளரும் கோல்மனின் பெயரைக் குறிப்பிடுவது அரிது. உழைப்பைப் பற்றிப் பேசுவோர் அதனைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

இனி, பொலிசாரை வசைபாடும் பெயர்பெற்ற பாடலுக்கு வருவோம். தலைப்பே அச்சிலேற்ற இயலாதது. அதன் வசைச்சொற்களைப் பற்றியே பலரும் எழுதியுள்ளனர். அதன் வடிவத்தைப் பற்றி எழுதியோர் சிலரே. அப்பாடல் ஒரு நீதிமன்ற விசாரணையாக அமைந்தது. ட்ரே நீதிபதி. ஐஸ் கியூப், ரென், ஈசி-ஈ மூவரும் ஒருவர்பின் ஒருவராக அழைக்கப்பட்டு, உண்மை கூறுவதாகச் சத்தியம் செய்து சாட்சியம் அளிக்கின்றனர். குற்றவாளிக் கூண்டில் நிற்பது பொலிஸ் இலாகா. இறுதியிற் குற்றம் நிரூபிக்கப்பட்டதாகத் தீர்ப்பளிக்கப்படுகின்றது. நாள்தோறும் சந்தேக நபராக நிறுத்தப்பட்டவன் இங்கே சாட்சியாகின்றான், வழக்குத் தொடுநனாகின்றான், நீதிபதியுமாகின்றான். நடைமுறை உலகில் மறுக்கப்பட்ட நிறுவனமொன்றைக் கலையுலகிற் கைப்பற்றி நடத்திக் காட்டும் இந்த நாடகமே பாடலின் ஆற்றலுக்கு மூலம். சாட்சியத்தில் கறுப்பினப் பொலிசாரும் தப்பவில்லை. வெள்ளை மேலதிகாரி காணும்படி அவர்கள் கூடுதற் கொடுமை செய்வதாகக் குற்றஞ்சாட்டப்படுகின்றது. சீருடை அணிந்தவனின் நிறத்தைவிடச் சீருடையின் பணி முதன்மையானது என்னும் அறிவு இவ்வரியில் வெளிப்படுகின்றது. கறுப்பின மேயரின் கீழ் வளர்ந்த ஒரு தலைமுறைக்கே அது எளிதிற் புலப்பட்டிருக்கும். நூலறிவால் வந்த வர்க்கப் பார்வை என்று நாம் இதனைக் கூறவரவில்லை. அனுபவம் ஓர் எல்லைவரை தானே கற்பிக்கும். அவ்வெல்லைக்கப்பால் இக்குழு சென்றதில்லை. துப்பாக்கி ஏந்திய தனிமனிதனின் பழிவாங்கலே பாடலின் இறுதிக் கற்பனை. கூட்டாக எழும் மக்களுக்கு அதிலே இடமில்லை.

1989 ஓகஸ்ட் முதலாந் திகதியிட்டு, மத்திய புலனாய்வுப் பணியகத்தின் உதவிப் பணிப்பாளர் மில்ட் அலெரிக் பிரயோரிட்டி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பாடலின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. முந்திய ஆண்டிலே கடமையின்போது 78 பொலிஸ் அலுவலர்கள் கொல்லப்பட்டதைச் சுட்டி, இத்தகைய பாடல்கள் பொலிசாரை இழிவுபடுத்துவன, வன்முறையைத் தூண்டுவன என்று எழுதினார். சட்டத்தைக் காக்கும் முழுச் சமூகத்தின் கருத்தையும் தாம் எடுத்துரைப்பதாக அறிவித்தார். தடையுத்தரவு ஏதும் அதில் இல்லை. ஆனால் தேசிய அளவிலான புலனாய்வு நிறுவனமொன்று தனியார் நிறுவனத்துக்கு ‘கருத்து’ தெரிவிக்கும்போது அக்கருத்தின் எடை யாதென்று எவரும் அறிவர். குழு இசைச் சுற்றுலா சென்ற நகரங்களிற் பொலிசார் பாதுகாப்புக் கடமைக்கு வர மறுத்தனர். டெட்ரோய்ட் நகரில் அதே மாதம் நடைபெற்ற நிகழ்ச்சியில் அப்பாடலைத் தொடங்கியதுமே பொலிசார் மேடையை நோக்கி விரைந்தனர். நிகழ்ச்சி இடைநடுவில் முடிந்தது. ஒரு பாட்டுக்குப் பொலிசார் தந்த மிகப் பொருத்தமான விமர்சனம் இதுவெனலாம்.

தணிக்கை விற்பனையைக் கெடுக்கவில்லை, வளர்த்தது. எம்.ரி.வி. தொலைக்காட்சி இவர்களது ஒளிப்படத்தைக் காட்ட மறுத்தது. வானொலி நிலையங்களுட் பெரும்பாலானவை ஒலிபரப்பவில்லை. எனினும் 1989ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் பத்து இலட்சம் பிரதிகள் சென்றிருந்தன. வாங்கியோர் யாவர் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. கொம்ப்டன் மக்கள்தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டாதது. நாடெங்குமுள்ள கறுப்பின இளைஞரோடு, வெள்ளையர் வாழும் புறநகர்ப் பிள்ளைகளும் பேரளவில் இதனை வாங்கினர். அவர்தம் பெற்றோர் எந்தத் தெருக்களை விட்டு வெளியேறினார்களோ அந்தத் தெருக்களின் ஓசையைப் பிள்ளைகள் தங்கள் அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டனர். அவர்களுக்கு அது அச்சம் கலந்த கேளிக்கை. சாட்சியமாகத் தொடங்கியது சரக்காக மாறும் இடம் இதுவே. சரக்காகியதும், சந்தை எதனை மிகுதியாகக் கேட்கின்றதோ அதுவே மிகுதியாக உற்பத்தி செய்யப்படும். சந்தை நீதிமன்ற நாடகத்தைக் கேட்கவில்லை. துப்பாக்கியையும் பெண்ணிழிவையும் கேட்டது.

பெண்களை இக்குழு நோக்கிய முறைபற்றி மழுப்பிப் பேசுவது நேர்மையன்று. முதற்றொகுதியிலேயே இருந்த இவ்விழிவு, 1991இல் வெளிவந்த இறுதித் தொகுதியின் பிற்பாதியில் வேறெதற்கும் இடம்விடாது பரவிற்று. பெண் அங்கே விற்பனைப் பொருள் அல்லது தாக்கப்படும் உடல். அது பாத்திரத்தின் குரலே என்று முன்னர் நாம் கூறிய நியாயம் இங்கு நில்லாது. 1991 சனவரியில் ஹொலிவூட்டில் நிகழ்ந்த விருந்தொன்றிலே, ராப் இசை நிகழ்ச்சியொன்றைத் தொலைக்காட்சியில் நடத்திவந்த டீ பார்ன்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணை ட்ரே கொடூரமாகத் தாக்கினார். நீதிமன்றில் அவர் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை. அதன்பின் ட்ரேயின் தொழில் வளர்ந்தது; பார்ன்ஸுக்கோ தொலைக்காட்சி வாய்ப்புகள் அற்றுப்போயின. 2015இல் இக்குழுவைப் பற்றிய திரைப்படம் வெளிவந்தபோது அத்தாக்குதல் அதில் இடம்பெறவில்லை என்பதைச் சுட்டிப் பார்ன்ஸ் எழுதினார். அதே மாதத்திலேயே ட்ரே, தாம் துன்புறுத்திய பெண்களிடம் பொதுவில் மன்னிப்புக் கோரினார். அரச வன்முறைக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள் தங்கள் வீட்டு வன்முறைக்கு எதிரான சாட்சியைக் கேட்க இருபத்துநான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர். வர்க்கம், இனம் பற்றிப் பேசிவிட்டால் பெண் பற்றிப் பேசவேண்டியதில்லை என்று கருதும் முற்போக்காளர் நம்மிடையேயும் இல்லாமலில்லை. அவர்கள் இவ்விடத்திற் சற்றுத் தரித்து நிற்பது நல்லது.

குழுவைச் சிதைத்தது பொலிசு அன்று. புலனாய்வுப் பணியகமும் அன்று. ஒப்பந்தப் பத்திரமே சிதைத்தது. ரூத்லெஸ் நிறுவனத்தின் உரிமையாளர் ஈசி-ஈ, முகாமையாளர் ஹெல்லர். தொகுதியின் வரிகளுட் பெரும்பங்கை எழுதிய ஐஸ் கியூப், இலட்சக்கணக்கில் விற்றதற்கும் நீண்ட இசைச் சுற்றுலாவுக்கும் தமக்கு வந்து சேர்ந்த சிறுதொகையைக் கண்டு கணக்குக் கேட்டார். ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டால் முன்பணம் தரப்படும் என்றனர். சட்டத்தரணியைக் கலந்தாலோசிக்காது ஒப்பமிட மறுத்த அவர் 1989 இறுதியில் விலகினார். மேடையில் ஐவரும் தோழர். ஏட்டிலோ ஒருவர் முதலாளி, ஏனையோர் கூலி பெறுவோர். கறுப்பினத்தவர் ஒருவர் நிறுவனம் நடத்துவதே விடுதலைக்கு வழி என்று கறுப்பின முதலாளித்துவம் பற்றி அந்நாளிற் பேசியோர், உடைமையாளரின் நிறம் உற்பத்தி உறவின் தன்மையை மாற்றிவிடுவதில்லை என்பதை இங்கே கண்டிருக்கலாம்.

விலகிய ஐஸ் கியூப் நியூ யோர்க் சென்று, ‘பப்ளிக் எனிமி’ குழுவின் இசையமைப்பாளருடன் இணைந்து 1990இல் தமது முதல் தனித்தொகுதியை வெளியிட்டார். அதன் அரசியற் கூர்மை அவர் விட்டுச்சென்ற குழுவிடம் பின்னர் காணப்படவில்லை. பழைய தோழர்கள் அவரைத் துரோகி என்று பாடினர். அவரும் 1991இல் அவர்களைப் பாடினார். ஹெல்லர் மீதான அவரது சீற்றம் அப்பாட்டில் யூத இனத்தவர் மீதான வெறுப்பாக வழிதவறியதும் நிகழ்ந்தது. சுரண்டலின் காரணத்தை அமைப்பிற் காணத் தவறுவோர் அதனை அந்நியனின் இனத்திற் காண்பது உலகெங்கும் நிகழும் விபத்து.

1991ஆம் ஆண்டின் மார்ச் மாதம் தனித்துக் கூறப்படவேண்டியது. மூன்றாந் திகதி இரவு லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிசார் ரொட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரைத் தடிகளால் அடித்து நொறுக்கினர். அயலில் வசித்த ஒருவர் தமது மேல்மாடத்திலிருந்து அதனைப் படம்பிடித்தார். ஐஸ் கியூப் எழுதிய சாட்சியத்துக்கு ஒளிப்படச் சான்று கிடைத்தது. அதே மாதத்தில் ஈசி-ஈ வொஷிங்டன் நகரில், ஜனாதிபதி புஷ்ஷைக் கௌரவித்துக் குடியரசுக் கட்சியினர் நடத்திய நிதிதிரட்டும் மதிய விருந்தில் அமர்ந்திருந்தார். கட்சிக்கு நன்கொடையளித்தோர் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்து அழைப்பு வந்தது, அவரும் போனார். விளம்பரத்துக்காகவே சென்றதாகக் கூறினார். அது மெய்யாகவும் இருக்கலாம். ஒருகாலத்துக் கொம்ப்டன்வாசியான புஷ்ஷும் கொம்ப்டனின் பெயரை விற்றவரும் ஒரே மண்டபத்தில் உணவருந்திய அக்காட்சியை எந்த நாவலாசிரியரேனும் கற்பனை செய்திருப்பின், நம்பத்தகாதது என்று நாம் குறை கூறியிருப்போம்.

அதே ஆண்டு மே மாத இறுதியில் இறுதித் தொகுதி வெளிவந்தது. இசைத்தட்டு விற்பனைத் தரவரிசை அதற்குச் சில நாட்கள் முன்புவரை கடைக்காரர்கள் தங்கள் மதிப்பீட்டின்படி சொன்ன தகவலைக் கொண்டே தயாரிக்கப்பட்டது. அந்த மே மாதத்திலேயே, கல்லாவில் பட்டைக்கோடுகளைப் படித்து உண்மை விற்பனையை எண்ணும் முறை நடைமுறைக்கு வந்தது. புதிய முறையில் ராப் இசை அதுவரை எண்ணப்படாது விடப்பட்ட அளவு வெளிப்பட்டது. என்.டபிள்யூ.ஏ.யின் தொகுதி இரண்டாம் இடத்தில் தோன்றி, அடுத்த வாரம் முதலிடம் பெற்றது. எதை எண்ணுவது, எப்படி எண்ணுவது என்பதிலும் ஒரு சமூக நோக்கு மறைந்து கிடக்கின்றது என்பதற்கு இது தக்க சான்று. பிரித்தானியாவில் பொலிசார் ஆபாசச் சட்டத்தின்கீழ் பிரதிகளைக் கைப்பற்றினர்; நீதிமன்றம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் பணித்தது. கலையளவில் இத்தொகுதி ஒலியமைப்பில் முன்னதை விஞ்சியது, சொல்லளவில் வறண்டது. முதலிடம் பெற்ற குழு அவ்வாண்டிலேயே இல்லாதொழிந்தது. தமக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று ட்ரேயும் வெளியேறி, ஷுக் நைட் என்பாருடன் ‘டெத் றோ’ நிறுவனத்தை அமைத்தார். ரூத்லெஸ் வழக்குத் தொடுத்தது. பாட்டில் நீதிமன்றத்தைக் கைப்பற்றியவர்கள் மெய்யான நீதிமன்றங்களில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றனர்.

1992 ஏப்ரில் 29ஆந் திகதி, வெள்ளையரே பெரும்பான்மையாக அமைந்த யூரி, ரொட்னி கிங்கைத் தாக்கிய பொலிசாரைத் தாக்குதற் குற்றத்திலிருந்து விடுவிக்கும் தீர்ப்பை வழங்கிற்று. அன்று மாலையே லொஸ் ஏஞ்சல்ஸ் எரியத் தொடங்கியது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சேதம் நூறு கோடி டொலர் அளவினதென மதிப்பிடப்பட்டது. கலகம் மூளுவதற்கு முந்திய நாட்களிலே வாட்ஸ் பகுதியின் பகைத் தெருக்குழுக்கள் தம்முள் போர்நிறுத்த உடன்பாடொன்று செய்துகொண்டிருந்தன என்பதைச் செய்தித்தாள்கள் அக்காலத்திற் பெரிதுபடுத்தவில்லை. அவ்வுடன்பாட்டைப் பாடுவதற்கு என்.டபிள்யூ.ஏ. என்னும் குழு இருக்கவில்லை. இருந்திருப்பினும் பாடியிருக்குமா என்பது ஐயமே. இக்குழுவின் பாடல்கள் கலகத்துக்குக் காரணம் என்றாரும் உளர். வானிலை அறிவிப்பே மழைக்குக் காரணம் என்று கொள்வதற்கு ஒப்பானது அது.

ஈசி-ஈ 1995 மார்ச்சில் எயிட்ஸ் நோயால் இறந்தார். நோய் கண்டறியப்பட்டு ஒரு மாதமளவே வாழ்ந்தார். அவரது மரணத்தின் பின்னரே அமெரிக்கக் கறுப்பின இளைஞர் பலர் அந்நோயைத் தமக்கும் உரிய ஆபத்தாகக் கருதத் தொடங்கினர் என்பர். முன்னைய தோழர்கள் அவரோடு மனத்தாங்கல் தீர்ந்து மீண்டும் இணைவதுபற்றிப் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. ஐஸ் கியூப் திரைப்பட நடிகரும் தயாரிப்பாளருமானார். ட்ரே பங்குதாரராகத் தொடங்கிய செவிப்பன்னி நிறுவனத்தை அப்பிள் கம்பனி 2014இல் மூன்று பில்லியன் டொலருக்கு வாங்கிற்று. கொம்ப்டன் நகரின் தனிப் பொலிஸ் படை 2000ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டு, அதன் பணி மாவட்ட ஷெரிப் இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஃபயர்ஸ்டோன் ஆலையில் டயர் செய்வது மீளத் தொடங்கவில்லை.

புலனாய்வுப் பணியகத்தின் அக்கடிதம் கிளீவ்லண்ட் நகரிலுள்ள ரொக் இசை அரும்பொருளகத்துக்குச் சென்று சேர்ந்தது. அந்த அரும்பொருளகத்தோடு இணைந்த புகழ் மண்டபத்தில் 2016இல் என்.டபிள்யூ.ஏ. சேர்க்கப்பட்டது. மறுஆண்டு, தேசியப் பெறுமதி வாய்ந்த ஒலிப்பதிவுகளின் பட்டியலில் ‘ஸ்ட்ரெயிட் அவுட்டா கொம்ப்டன்’ தொகுதியை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் சேர்த்துக்கொண்டது. புகழ் மண்டபத்திற் பெயர் பொறிக்கப்பட்டோர் ஐவர்: ட்ரே, ஐஸ் கியூப், ஈசி-ஈ, ரென், யெல்லா. தொடக்கக் காலத்தில் உடனிருந்து, கணக்குக் குறித்த இதே மனக்குறையோடு ஐஸ் கியூபுக்கும் முன்னரே விலகிச்சென்ற அரேபியன் பிரின்சின் பெயர் அதில் இல்லை.